மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நீராவி ரயிலில்: இரண்டாம் சீசனில் போக விரும்புபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அப்பா திருச்சி பொன்மலைப் பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நீலகிரி மலை ரயிலுக்கான புதிய நீராவி இன்ஜின்களை அந்தப் பணிமனை செய்தபோது அவர் வேலையில் இல்லை. "நம்ம ஷெட்டில் செய்த இன்ஜின் மலை ஏறுவதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதைக் காட்டுவதற்கு எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. முதல் ஆண்டு தவறான ரயிலில் ஏற்றினேன். இரண்டாம் ஆண்டு டிக்கெட் காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றுபோனது. மூன்றாம் ஆண்டு மண்சரிவு. நான்காம் ஆண்டு, அக்டோபர் இரண்டாம் வாரத்து வியாழக்கிழமை காலையில்தான் அவர் ஆசை நிறைவேறியது. அந்த மூன்று ஆண்டுகளில் நான் செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காக எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில், எந்தப் பகுதியில் நீராவி இன்ஜின் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பலர் ஏமாறும் இடம் இதுதான். நானும் ஏமாந்தேன். ஊட்டியில் தங்கியிருக்கும்போது, "இங்கிருந்தே குன்னூருக்கு மலை ரயில் போகிறதே" என்று டிக்கெட் எடுத்து அப்பாவை அழைத்துப் போனேன். நடைமேடையில் நின்றது டீசல் இன்ஜின். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலோரமாக உட்கார்ந்து கேத்தி பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை மொத்தம் 46 கிலோமீட்டர். இதில் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையுள்ள 28 கிலோமீட்டரில்தான் நீராவி இன்ஜின். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே நாள்தோறும் பல முறை ஓடும் ரயில்களை இழுப்பதும் டீசல்தான். கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் தொடங்கும் பல் தண்டவாளம் (நடுவில் பற்கள் கொண்ட கம்பி பதித்த பாதை) குன்னூரோடு முடிந்துவிடுகிறது. 12 அடி நகர்ந்தால் 1 அடி உயரும் அந்த ஏற்றத்துக்குத்தான் பல்சக்கரம் பூட்டிய நீராவி இன்ஜின் தேவைப்படுகிறது.

ஆகவே நீராவிதான் உங்கள் நோக்கம் என்றால் டிக்கெட்டில் மேட்டுப்பாளையம் என்ற பெயர் இருக்க வேண்டும். ஊட்டி வரை எடுத்தாலும் சரி, குன்னூர் வரை எடுத்தாலும் சரி. அது இல்லாத டிக்கெட் எதுவானாலும் டீசல் பயணம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி, ஏறுவதா இறங்குவதா? காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ரயில் 10.30 மணியளவில் குன்னூரையும் நண்பகலில் ஊட்டியையும் அடைகிறது. திரும்பும் ரயில் ஊட்டியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி மாலை 5.35 மணியளவில் மேட்டுப்பாளையம் வந்து சேர்கிறது. ஏறும்போதுதான் இன்ஜின் உண்மையில் உழைக்கிறது. 28 கிலோமீட்டருக்கு மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆவதன் காரணம் அதுதான். இறங்கும்போது பிடித்து நிறுத்தும் வேலைதான் அதிகம். ஏற்றத்துக்கே முயலுங்கள். அது கிடைக்காவிட்டால் இறக்கத்தைப் பாருங்கள். கேட்பவர் குறைவு என்பதால் இறக்கத்தில் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல்.

2. தேதியை இப்படித் தேர்ந்தெடுங்கள்

கோடை சீசனை விட்டுவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் டிக்கெட்டும் கிடைக்காது, அறையும் கிடைக்காது. நீலகிரிக்காரர்கள் 'இரண்டாம் சீசன்' என்று சொல்வது செப்டம்பர், அக்டோபர் மாதங்களை. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து மலை கழுவிவிட்டதுபோல் இருக்கும். ஓடைகளில் தண்ணீர் நிறைந்திருக்கும். தாவரவியல் பூங்காவில் இரண்டாம் சீசனுக்கென்றே பூந்தொட்டிகளை அடுக்கியிருப்பார்கள். காலையில் பனிமூட்டம் வந்து போகும். வெயில் வந்தாலும் சுடாது.

ஆனால் இந்தக் காலம் மிகக் குறுகியது. இரண்டு பக்கமும் இரண்டு இடைஞ்சல்கள் இருக்கின்றன.

முதல் இடைஞ்சல் விடுமுறைக் கூட்டம். காலாண்டுத் தேர்வு விடுமுறையும் ஆயுத பூஜையும் காந்தி ஜெயந்தியும் ஒன்றையொன்று ஒட்டி வரும். அந்தப் பத்து நாட்களும் கோடையைப் போலவே நெருக்கடி. இரண்டாவது இடைஞ்சல் வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டில் அது வழக்கமாகத் தொடங்கும் தேதி அக்டோபர் 20. சில ஆண்டுகளில் சில நாள் முந்தும். கனமழை பெய்தால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாறையும் மண்ணும் சரிந்து தண்டவாளத்தை மூடிவிடும். பாதையைச் சரிசெய்யும்வரை, அதாவது சில நாட்களோ சில வாரங்களோ, ரயில் ஓடாது. தீபாவளியை ஒட்டி நான் டிக்கெட் எடுத்து ஏமாந்த கதையைப் பின்னால் சொல்கிறேன்.

என் கணக்கு இது: காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள் முதல் அக்டோபர் 15 வரை, திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் செப்டம்பர் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை. நவம்பரில் மலை அழகாகத்தான் இருக்கும்; ஆனால் இந்த ரயிலை நம்பி நவம்பரில் யாரையும், அதுவும் வயதானவர்களை, தொலைதூரத்திலிருந்து அழைத்து வராதீர்கள்.

3. முன்பதிவு: 60 நாள், காலை 8 மணி

இந்திய ரயில்வேயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். அக்டோபர் 10 அன்று போக நினைத்தால் ஆகஸ்ட் 11 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். அந்தத் தேதியை இன்றே நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். இது சில பெட்டிகளே உள்ள சின்ன ரயில். விடுமுறை நாட்களுக்கான இடங்கள் திறந்த சற்று நேரத்திலேயே தீர்ந்துவிடும்.

ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு வைத்திருப்பவர்கள் ஆதார் சரிபார்ப்பை முன்னதாகவே முடித்துவிடுங்கள். 2025 அக்டோபர் 1 முதல், முன்பதிவு திறக்கும் நாளில் முதல் 15 நிமிடம் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும் என்று விதி வந்தது. அதன்பின் அந்த நேரம் படிப்படியாக நீட்டிக்கப்பட்டது. நான் டிக்கெட் எடுத்தபோது இந்த விதி இல்லை. இனி எடுப்பவர்களுக்கு இது முக்கியம். ஆதாரில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் சரிபார்ப்பு நடக்காது. அதைக் காலை 8 மணிக்குக் கண்டுபிடித்துப் பயனில்லை. ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். இணையம் வேண்டாம் என்பவர்கள் அருகிலுள்ள ரயில் நிலைய முன்பதிவு கவுண்டருக்கு 7 மணிக்கே போய் வரிசையில் நிற்கலாம். படிவத்தில் ரயில், தேதி, வகுப்பு எல்லாவற்றையும் முன்னரே நிரப்பி வைத்திருங்கள்.

தேடும்போது புறப்படும் இடம் மேட்டுப்பாளையம், சேருமிடம் உதகமண்டலம். அதில் இடம் இல்லை என்று காட்டினால் சோர்ந்துவிடாதீர்கள். சேருமிடத்தைக் குன்னூர் என்று மாற்றி மறுபடி தேடுங்கள். முழுத் தூரத்துக்கு இடம் இல்லாதபோதும் குன்னூர் வரை இருக்கக்கூடும். நீராவிப் பகுதி முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு அடிக்கடி பஸ் உண்டு.

காத்திருப்போர் பட்டியலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த ரயிலில் ரத்தாகும் இடங்கள் மிகக் குறைவு. நான் இரண்டாம் ஆண்டு காத்திருப்பு எண் 9 என்று எடுத்துவிட்டு, "ஒன்பது பேர் ரத்து செய்ய மாட்டார்களா" என்று நம்பி அறையும் போட்டுவிட்டேன். கடைசி நாள் அது 6 ஆக வந்து நின்றது. இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் ஒருவருக்குமே இடம் உறுதியாகாவிட்டால், இறுதிப் பயணிகள் பட்டியல் தயாரானதும் அது தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ரயிலில் ஏற முடியாது. காலை ரயில் என்பதால் பட்டியல் முந்தைய நாள் இரவே தயாராகிவிடும். நீங்கள் அப்போது சென்னையிலிருந்து வரும் ரயிலில் இருப்பீர்கள். ஆகவே இடம் உறுதியான பிறகே மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள். அன்று காலையில் வந்து வரிசையில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடும் வராதீர்கள்.

விடுமுறைக் காலங்களில் தெற்கு ரயில்வே சிறப்பு மலை ரயில்களை அறிவிப்பது வழக்கம். சேலம் கோட்டத்தின் அறிவிப்புகளைச் செய்தித்தாளில் கவனித்து வந்தால், வழக்கமான ரயில் நிரம்பிய பிறகும் ஒரு கதவு திறக்கக்கூடும். கட்டணம் கூடுதலாக இருக்கும்.

முகவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிக்கெட்டின் விலையைப் போல் மூன்று மடங்கு கேட்டு, "உறுதியான இடம் கையில் இருக்கிறது" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். விசாரித்தபோது டிக்கெட் வேறு யாரோ இருவர் பெயரில் இருந்தது. "பரிசோதகர் பார்க்கவே மாட்டார்" என்றார். வேறொருவர் பெயரில் உள்ள டிக்கெட்டில் பயணம் செய்வது குற்றம். பிடிபட்டால் டிக்கெட் இல்லாத பயணிக்குரிய அபராதம். அப்பாவை அப்படி ஒரு நிலையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. மறுத்துவிட்டேன்.

4. வகுப்பும் செலவும்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை இரண்டாம் வகுப்புக்கு ஆளுக்கு 300 ரூபாயை ஒட்டியும் முதல் வகுப்புக்கு 600 ரூபாயை ஒட்டியும் ஆகிறது. ஐ.ஆர்.சி.டி.சி. சேவைக் கட்டணம் டிக்கெட் ஒன்றுக்கு இரண்டாம் வகுப்பில் 15 ரூபாய், யு.பி.ஐ. வழியாகச் செலுத்தினால் 10 ரூபாய். முதல் வகுப்பில் 30, யு.பி.ஐ.க்கு 20. இவற்றின் மேல் ஜி.எஸ்.டி. உண்டு. ஒரு டிக்கெட்டில் எத்தனை பேர் இருந்தாலும் இந்தச் சேவைக் கட்டணம் ஒன்றுதான். ஆகவே குடும்பத்துக்கு ஒரே டிக்கெட்டாக எடுங்கள். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச் முதல் நிறுத்தப்பட்டிருக்கிறது. பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் முழுக் கட்டணத்தையே கணக்கில் வையுங்கள்.

எந்த வகுப்பு? மலை ஏறும்போது இன்ஜின் ரயிலின் பின்னால் நின்று தள்ளுகிறது. எப்போதும் பள்ளத்தின் பக்கம்தான் அது இருக்கும். எங்கள் ரயிலில் முதல் வகுப்பு முன்கோடியில் இருந்தது. முன் ஜன்னல் வழியாகக் குகையும் வளைவும் நம்மை நோக்கி வருவதைப் பார்க்கலாம், புகையும் குறைவு. மெத்தை இருக்கை முதுகுவலி உள்ளவர்களுக்கு நல்லது. ஆனால் இன்ஜினைக் கேட்க வேண்டும் என்றால் பின்பக்கத்துப் பெட்டிதான். நாங்கள் இரண்டாம் வகுப்பில் போனோம். அப்பா அதைத்தான் கேட்டார். கல்லாறில் பல் தண்டவாளத்தில் ஏறியதும் இன்ஜினின் மூச்சு மாறுவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே உணர முடிந்தது. "மேல் சிலிண்டரும் சேர்ந்துவிட்டது, கேட்கிறதா?" என்று என் தோளைத் தட்டினார். கீழே இரண்டு சிலிண்டர், மேலே இரண்டு. சாதாரணத் தண்டவாளத்தில் கீழ் இரண்டு மட்டும் வேலை செய்யும். ஏற்றத்தில் அங்கிருந்து வெளிவரும் நீராவியே மேல் இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். அவர் அதை விரலால் என் உள்ளங்கையில் வரைந்து காட்டினார்.

எந்தப் பக்கத்து ஜன்னல் என்று பலரும் கேட்கிறார்கள். 208 வளைவுகள் கொண்ட பாதை இது. அதற்காக யாரிடமும் சண்டை போடாதீர்கள்.

5. கையில் இருக்க வேண்டியவை

டிக்கெட்டில் உள்ளவர்களில் ஒருவராவது அசல் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும்: ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், பான் அட்டை இவற்றில் ஒன்று. ஜெராக்ஸ் செல்லாது. கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தி போதும் என்றாலும் டிக்கெட்டைத் தாளிலும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

இ-பாஸ் விஷயத்தில் குழப்பம் அதிகம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். ரயிலிலும் அரசுப் பேருந்திலும் வருபவர்களுக்கு அது தேவையில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், குடும்பத்தில் பாதிப் பேர் ரயிலில் ஏறிக்கொண்டு, காரை ஓட்டுநரோடு சாலை வழியாகக் குன்னூருக்கு அனுப்புவார்கள். அந்தக் காருக்கு இ-பாஸ் வேண்டும். கல்லாறு சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். இணையத்தில் எடுக்கலாம், கட்டணம் இல்லை. வாகன எண், தங்கும் நாள், தங்குமிடம் ஆகியவற்றைக் கேட்கும். முந்தைய நாளே எடுத்து ஓட்டுநரின் கைப்பேசிக்கு அனுப்பிவிடுங்கள்.

6. மேட்டுப்பாளையம் வந்து சேர்வது

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ். சென்னை சென்ட்ரலில் இரவு 9 மணியளவில் புறப்பட்டு மறுநாள் காலை 6.15-ஐ ஒட்டி மேட்டுப்பாளையம் வந்துவிடும். சேலம், ஈரோடு, திருப்பூரிலும் ஏறலாம். இறங்கிய நிலையத்திலேயே மலை ரயில்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. இரண்டு டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்களையும் இணைத்துவிடலாம். 2019 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது ரயிலைத் தவறவிட்டால், இரண்டாவது டிக்கெட்டின் பணம் ரத்துக் கட்டணம் இல்லாமல் திரும்பக் கிடைக்கும். அதற்கு நிபந்தனை, இரண்டு டிக்கெட்டிலும் பயணிகளின் விவரம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால் என்றெல்லாம் இருக்கக் கூடாது.

கோவையிலிருந்து வருபவர்கள் அதிகாலைப் பஸ்ஸைப் பிடித்து 7.10-க்குள் வந்துவிடலாம்தான். மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பேருந்து நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். ஆனால் வயதானவர்களோ குழந்தைகளோ கூட இருந்தால் முந்தைய இரவே மேட்டுப்பாளையத்தில் தங்கிவிடுவது நிம்மதி. எங்களுக்கு அன்று அதுதான் உதவியது. அப்பா 5 மணிக்கே எழுந்து குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தயாராகிவிட்டார். வெள்ளை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ரன்னிமீடு வருவதற்குள் அதில் கடுகு தூவியதுபோல் கரித்துகள்.

7. என்ன எடுத்துப் போவது

பெரிய சூட்கேஸ் வேண்டவே வேண்டாம். பெட்டிகள் குறுகலானவை, முழங்கால் எதிரில் இருப்பவர் முழங்காலைத் தொடும். ஆளுக்கு ஒரு முதுகுப்பை போதும்.

நீலகிரியில் ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் குடிநீர் பாட்டில்களும் அதில் அடக்கம். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வாருங்கள்.

பெட்டியில் கழிப்பறை கிடையாது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்; அவ்வளவு முக்கியம். சர்க்கரை நோய் உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் மேட்டுப்பாளையத்தில் ஏறுவதற்கு முன் நிலையக் கழிப்பறைக்குப் போய் வந்துவிட வேண்டும். வழியில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும் நிலையங்களில்தான் அடுத்த வாய்ப்பு.

ஸ்வெட்டரைப் பையின் மேல்பகுதியில் வையுங்கள். 330 மீட்டர் உயரத்தில் வியர்வையோடு ஏறி 2,200 மீட்டரில் இறங்குகிறோம். இடையில் திடீரென்று குளிர் தொடங்கும். கண்ணில் கரி விழாமல் இருக்க ஒரு சாதாரணக் கண்ணாடியும் முகம் துடைக்க ஈரத் துண்டும் போதும்.

8. பயண நாள் காலை

6.15-க்கு நிலையத்தில் இருங்கள். 7 மணிக்கு வந்தால் ரயிலைப் பிடித்துவிடலாம், இன்ஜினைப் பார்க்க முடியாது. புறப்படுவதற்கு முன்னுள்ள அரை மணி நேரம்தான் அதை அருகிலிருந்து பார்க்க நல்ல நேரம். எண்ணெய்க் குவளையோடு ஒருவர் ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுத் தொட்டு எண்ணெய் விட்டுக்கொண்டு வருவார். அப்பா ஐந்தடி தள்ளி நின்று, அவர் எதையாவது விட்டுவிடுகிறாரா என்று பார்ப்பவரைப்போல் கூடவே நகர்ந்தார். கடைசியில் அந்த ஊழியர் நிமிர்ந்து, "நீங்கள் பொன்மலையா?" என்று கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஊழியர்களின் வேலைக்கு இடைஞ்சலாக நிற்காதீர்கள். தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள்.

ரயில் கிளம்பிய பிறகு உங்கள் பெட்டியின் முன்மேடையைக் கவனியுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் இருக்கிறார். கையில் பச்சை, சிவப்புக் கொடிகள். இன்ஜின் பின்னால் இருப்பதால் ஓட்டுநருக்கு முன்பாதை தெரியாது. முன்பெட்டியில் நிற்பவர் கொடி காட்ட, அது பெட்டி பெட்டியாகக் கைமாறி ஓட்டுநருக்குப் போய்ச் சேர்கிறது. பல் தண்டவாளத்தில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டாது. வெளியே நீளும் கைகளைப் பாறை உரசும் அளவுக்குச் சில இடங்கள் நெருக்கமானவை. 16 குகைகளும் அப்படித்தான். பிள்ளைகளின் கையை உள்ளே வைத்திருங்கள்.

ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்கும். இறங்கலாம். ஆனால் உணவை இருக்கையில் வைத்துவிட்டு இறங்காதீர்கள். குரங்குகள் ஜன்னல் வழியாக வந்து பையோடு கொண்டு போய்விடும். எங்கள் எதிர் இருக்கைக் குடும்பத்தின் இட்லிப் பொட்டலம் அப்படித்தான் போனது. விசில் கேட்டதும் ஏறிவிடுங்கள். ஓடும் ரயிலில் தொற்றாதீர்கள். சில நாட்களில் யானை தண்டவாளத்தில் நிற்பதால் ரயில் காத்திருக்க நேரும். அதற்குப் பிறகு இறுக்கமாக எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

9. மழையால் ரத்தானால்

மூன்றாம் ஆண்டு நடந்தது இது. தீபாவளி விடுமுறைக்கு உறுதியான டிக்கெட். சென்னை ரயில் ஈரோட்டைத் தாண்டும்போது அதிகாலையில் செய்தி வந்தது: மண்சரிவு, மலை ரயில் ரத்து. நான் பதற்றத்தில் அங்கேயே கைப்பேசியில் டிக்கெட்டை ரத்து செய்தேன். அதுதான் தவறு. நாமாக ரத்து செய்தால் ரத்துக் கட்டணம் பிடிப்பார்கள். ரயில்வே ரத்து செய்தால் முழுப் பணமும் கிடைக்கும். இணைய டிக்கெட்டுக்குப் பணம் தானாகவே கணக்குக்கு வந்துவிடும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். கவுண்டரில் எடுத்த டிக்கெட் என்றால் உரிய காலத்துக்குள் கவுண்டரில் கொடுத்துத்தான் பெற வேண்டும். அதை இறங்கிய நிலையத்திலேயே முடித்துவிடுங்கள்.

ஆகவே புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து நீலகிரி வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் ரயில் ஓடாது என்று வைத்தே திட்டமிடுங்கள். தங்குமிடத்தை, பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் போடுங்கள். ரயில்வே உங்கள் டிக்கெட் பணத்தைத் தரும், விடுதிக்காரர் தரமாட்டார். என் நஷ்டத்தில் பெரும்பகுதி அறைக்காகக் கட்டியதுதான். மேட்டுப்பாளையத்தில் இறங்கிய பிறகு ரத்து என்று தெரிந்தால், கோத்தகிரி வழியாகவோ குன்னூர் வழியாகவோ எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று பஸ் நிலையத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பல சமயம் ரயில் நின்றாலும் பஸ் ஓடும்.

10. குன்னூரில் இறங்குவதா, தொடர்வதா

குன்னூரில் ரயில் சற்று நேரம் நிற்கும். ஊட்டி வரை டிக்கெட் இருந்தாலும் அனைவரும் இறங்கிப் பின்பக்கம் போங்கள். நீராவி இன்ஜினைக் கழற்றும் இடம் அதுதான். கொக்கியை விடுவித்ததும் அது மெல்ல நகர்ந்து, அருகிலேயே உள்ள தன் ஷெட்டை நோக்கிப் போகும். நாங்கள் குன்னூர் வரைதான் டிக்கெட் எடுத்திருந்தோம். டீசல் இன்ஜினோடு ரயில் போன பிறகும் அப்பா நடைமேடையின் கோடியில் நின்று ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் கழித்துத்தான் காப்பி குடிக்கக் கூப்பிட்டேன்.

ஊட்டி வரை தொடர்ந்தால் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக இன்னும் ஒன்றேகால் மணி நேரம். கேத்தி பள்ளத்தாக்குக்காகப் போகலாம், அழகான பகுதி. நேரம் குறைவென்றால் குன்னூரில் இறங்கி சிம்ஸ் பூங்காவைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் ஊட்டி போவதே எளிது.

அன்றே சென்னை திரும்புபவர்களுக்கு, நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்தில் இரவில் புறப்படும். மலையிலிருந்து பஸ்ஸில் இறங்குவதானால் ஊட்டியை மாலை 4 மணிக்கே விட்டுவிடுங்கள். விடுமுறை நாள் மாலையில் பர்லியார் வளைவுகளில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். இரவு உணவை மேட்டுப்பாளையத்தில் வைத்துக்கொள்ளலாம்.